வாசகர் கேள்விகள்: நீரோவின் தாய் அக்ரிப்பினா

கே: நீரோவை அரியணையில் ஏற்றியதே அவன் தாய்தான் என்கிறார்கள். பெண்கள் பதவி வகிக்க முடியாத ரோமில் இது எப்படி நடந்தது? (வாசகி, தஞ்சாவூர்)

ப: ஐந்தே ஆண்டுகளில், படிப்படியாக. அக்ரிப்பினா பேரரசர் அகஸ்டஸின் கொள்ளுப்பேத்தி, கலிகுலாவின் தங்கை. கி.பி. 49-ல் பேரரசர் கிளாடியஸை மணந்தார். அவரோ இவருக்குச் சொந்தச் சித்தப்பா! ரோமானியச் சட்டத்தில் அது முறைகெட்ட உறவு. எனவே அண்ணன் மகளை மணக்கலாம் என்று செனட் சபையில் தனித் தீர்மானமே போட்டார்கள். அக்காள் மகளை மணப்பதற்கான தடை மட்டும் அப்படியே இருந்தது. நம் ஊர் வழக்கத்துக்கு நேர் எதிர்.

அதே ஆண்டில் கோர்சிகா தீவில் நாடு கடத்தப்பட்டிருந்த தத்துவஞானி செனகாவை வரவழைத்து மகனுக்கு ஆசிரியராக்கினார். 50-ல் கிளாடியஸ் நீரோவைத் தத்தெடுத்தார். சொந்த மகன் பிரிட்டானிக்கஸ் இருந்தும், வயதில் மூத்த நீரோ முன்னால் வந்துவிட்டான். இதில் ஒரு சிக்கல்: நீரோவுக்கு மணமுடிக்க நினைத்த கிளாடியஸின் மகள் ஒக்டேவியா இப்போது சட்டப்படி தங்கை ஆகிவிட்டாள். அவளை வேறொரு குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்துவிட்டு, 53-ல் திருமணத்தை முடித்தார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 51-ல் நடந்தது. அரண்மனைக் காவற்படைக்கு இருந்த இரண்டு தளபதிகளையும் நீக்கிவிட்டு, தமக்குக் கடமைப்பட்ட புர்ரஸ் ஒருவரையே நியமிக்கச் செய்தார் அக்ரிப்பினா. 54 அக்டோபர் 13-ல் கிளாடியஸ் இறந்தபோது அதன் பலன் தெரிந்தது. விஷக் காளான் என்று பழைய ஆசிரியர்கள் எழுதுகிறார்கள், நிரூபிக்க வழியில்லை. சாவுச் செய்தியை வெளியே விடாமல், பிரிட்டானிக்கஸை உள்ளேயே பிடித்து வைத்து, நண்பகலில் புர்ரஸோடு நீரோவைப் படையினர் முன் அனுப்பினார். தலைக்கு 15,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) தருவதாக வாக்களித்ததும் விஷயம் முடிந்தது.

கே: அவருடைய செல்வாக்கு எப்போது சரிந்தது? (வாசகர், திண்டுக்கல்)

ப: நாணயங்களைப் பாருங்கள். 54-ல் தாயும் மகனும் சரிசமமாக, முகத்துக்கு முகம் பார்க்கிறார்கள். முன்பக்கத்தில் பொறித்திருப்பதோ தாயின் பட்டங்கள். 55-ல் இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள், நீரோவின் முகம் முன்னே, அவர் பின்னே. பிறகு அவர் முகமே காணாமல் போகிறது. அரண்மனையில் செனட் கூடும்போது திரைக்குப் பின்னால் நின்று கேட்டவர், 55-க்குப் பின் அரண்மனையிலேயே வசிக்கவில்லை. ஆட்களைச் சேர்ப்பதில் அவருக்கு இணையில்லை. ஆனால் செனகா, புர்ரஸ் இருவரின் அதிகாரமும் நீரோவின் பெயரில்தான் ஓடியது. நெருக்கடி வந்ததும் அவர்கள் மகன் பக்கம் நின்றார்கள். அவரது பேராசையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கே: கப்பலை உடைத்துக் கொல்லப் பார்த்தது உண்மையா? (வாசகர், நாகப்பட்டினம்)

ப: ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் விவரமாகவே எழுதியிருக்கிறார். 59 மார்ச், மினர்வா தேவியின் திருவிழா. சமாதானம் பேசுவதுபோல் நீரோ தாயைப் பாயே கடற்கரைக்கு அழைத்தான். விருந்து முடிந்து அவர் திரும்பிச் செல்லும் படகு தானாகக் கழன்று விழும்படி கட்டப்பட்டிருந்தது. சைகை கிடைத்ததும் ஈயம் ஏற்றிய கூரை சரிந்தது. உடனிருந்த கிரெபெரெயுஸ் நசுங்கி இறந்தார். அக்ரிப்பினா படுத்திருந்த கட்டிலின் பக்கப் பலகைகள் உயரமானவை; கூரையை அவை தாங்கிக்கொண்டன. படகும் திட்டப்படி உடையவில்லை. சதியை அறிந்த துடுப்புக்காரர்கள் ஒரு பக்கமாகச் சாய்த்துக் கவிழ்க்கப் பார்த்தார்கள். அறியாதவர்கள் மறுபக்கம் சாய்ந்து நிமிர்த்தினார்கள். அதனால் படகு மெல்லச் சரிய, அவர் நழுவி நீரில் விழுந்தார்.

தோழி அசெரோனியா, "நான்தான் அக்ரிப்பினா, காப்பாற்றுங்கள்" என்று கத்தினாள். துடுப்புகளால் அடித்தே கொன்றார்கள். அதைக் கண்டு அக்ரிப்பினா வாய் திறக்கவில்லை. தோளில் காயத்தோடு நீந்தி, எதிர்ப்பட்ட சிறு படகில் ஏறி வீடு சேர்ந்தார். படகுச் சதியை யோசித்த கடற்படைத் தளபதி அனிசெட்டஸ் அன்றிரவே ஆட்களோடு அங்கு வந்து அவரைக் கொன்றான்.

கே: அவர் ஏதாவது எழுதியிருக்கிறாரா? (வாசகி, சேலம்)

ப: தம் குடும்ப வரலாற்றை எழுதினார். டாசிட்டஸ் அதைப் படித்துப் பயன்படுத்தியிருக்கிறார். நீரோ கால் முன்னே வரப் பிறந்த செய்தியையும் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி அதிலிருந்தே எடுத்தார். நூல் கிடைக்கவில்லை. அக்ரிப்பினா தாம் பிறந்த ஊரை 50-ல் தம் பெயரால் ரோமானியக் குடியேற்ற நகராக்கச் செய்தார். அதுதான் இன்றைய ஜெர்மனியின் கொலோன்.