எல்லோருக்கும் பரிசு கொடுத்தால் தன்னம்பிக்கை வந்துவிடுமா?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கம் ஆண்டுதோறும் குழந்தைகளுக்கு ஒருநாள் விளையாட்டு விழா நடத்துகிறது. நாற்பது பிள்ளைகள் வரை வருவார்கள். அவர்களில் நான்கு பேர் மாற்றுத்திறனாளிகள்: மூளை முடக்குவாதத்தால் சக்கர நாற்காலியில் இருக்கும் 11 வயதுச் சிறுமி, ஆட்டிசம் உள்ள 8 வயதுப் பையன், பார்வை மிகக் குறைந்த ஒரு பையன், காதுக் கருவி அணியும் ஒரு பெண். போன ஆண்டு நால்வரையும் மேடையேற்றிச் சிறப்புப் பரிசு கொடுத்தோம். "எனக்கு எதுக்கும்மா பரிசு கொடுத்தாங்க?" என்று வீட்டுக்குப் போனதும் அந்தச் சிறுமி கேட்டதாக அவளுடைய அம்மா சொன்னார். இந்த ஆண்டு எப்படி நடத்தலாம்?

பதில்: அந்தச் சிறுமி கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்குப் பதில் இருக்கும்படி விழாவை அமைப்பதுதான் உங்கள் வேலை. 'என்னால் முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் விளக்கினார். தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், அந்த நேரத்து உடல், மன நிலை என்று நான்கைச் சொன்ன அவர், முதலாவதைத்தான் எல்லாவற்றிலும் வலுவானது என்றார். போன ஆண்டு நீங்கள் கொடுத்தது மூன்றாவது மட்டும்.

ஆகவே முதலில் ஒரு நல்ல விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள். நான் போச்சியாவைச் சொல்வேன். 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கும் ஆட்டம் இது. ஆறு சிவப்புப் பந்து, ஆறு நீலப் பந்து, இலக்காக ஒரு வெள்ளைப் பந்து. வெள்ளைப் பந்துக்கு அருகில் யாருடைய பந்து நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. போட்டிக் களம் 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். உங்களுக்கு அதில் பாதி போதும். பந்துகளை நீங்களே செய்யலாம். ஏறத்தாழ 275 கிராம் மணலைச் சிறிய பையில் இறுகக் கட்டி, பழைய காலுறைக்குள் போட்டுத் தையுங்கள். ரப்பர் பந்து வேண்டாம். அது துள்ளி ஓடிவிடும். பிடி தளர்ந்த கைக்கு அடங்காது. மணல் பந்து விழுந்த இடத்துக்கு அருகிலேயே நிற்கும்.

எல்லாப் பிள்ளைகளும் நாற்காலியில் உட்கார்ந்தே ஆடட்டும். சிறுமியின் நாற்காலிக்குப் பிரேக் போட்டு, பாதங்கள் இரண்டும் மிதிபலகையில் படிந்திருக்கிறதா, இடுப்புப் பட்டை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பு நிலையாக இருந்தால்தான் கை சொன்னபடி கேட்கும். திடீர்ச் சத்தம் கேட்டால் மூளை முடக்குவாதம் உள்ள பல குழந்தைகளுக்கு உடல் விறைத்துக்கொள்ளும். எனவே எறியும்போது கூட்டம் அமைதியாக இருக்க வேண்டும் என்பதை எல்லோருக்குமான விதியாக அறிவியுங்கள்.

எறிய முடியாத பிள்ளைக்கு, நீளவாக்கில் பாதியாக அறுத்த ஒரு மீட்டர் பிவிசி குழாயைச் சறுக்காகப் பயன்படுத்தலாம். (பந்து தடையின்றி உருளும் அகலம் இருக்கட்டும்.) இங்கே போச்சியாவின் ஒரு விதியைப் பாருங்கள். சறுக்கைப் பிடிக்கும் உதவியாளர் களத்துக்கு முதுகு காட்டித்தான் இருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. "கொஞ்சம் இடது, இன்னும் உயரம், போதும்" என்று குழந்தை சொல்வதை, அல்லது கண்ணாலும் விரலாலும் காட்டுவதை மட்டுமே அவர் செய்யலாம். குறி பார்ப்பது குழந்தையின் வேலை. பந்து இலக்கைத் தொட்டால் அந்த வெற்றியும், விலகினால் அந்தத் தவறும் அவளுடையவை. விழாவில் உதவி செய்யும் அத்தனை பேருக்கும் இந்த ஒரு விதியைச் சொல்லிக் கொடுங்கள். நல்ல மனத்தோடு வரும் தன்னார்வலர்கள்தான் பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கிறார்கள்: கையைப் பிடித்து எறிய வைப்பார்கள், நாற்காலியைக் கேட்காமலே தள்ளுவார்கள். பதில் சொல்லக் குழந்தைக்குப் பத்து விநாடி தேவைப்படலாம். அதுவரை வாயைத் திறக்காமல் காத்திருக்கப் பழக்குங்கள்.

விழா நாளில்தான் முதன்முதலாகப் பந்தைத் தொடுகிறாள் என்றால் அது பரீட்சையாகிவிடும். அதற்கு முன் மூன்று முறையாவது ஆடிப் பார்க்கட்டும். பத்துப் பந்தில் ஆறேழு சரியாக விழும் தூரத்தைக் கண்டுபிடியுங்கள். பத்தும் விழுந்தால் இலக்கை அரை மீட்டர் தள்ளி வையுங்கள். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து ஜெயிக்க வைக்காதீர்கள். பிள்ளைகள் அதை ஒரு நொடியில் கண்டுகொள்வார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக 1968இல் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் ஏறத்தாழ ஒரே திறன் உள்ளவர்களை ஒரு பிரிவாகச் சேர்த்துப் போட்டி வைக்கிறார்கள். அப்போதுதான் தோற்பதும் உண்மை, ஜெயிப்பதும் உண்மை. ஓட்டப் போட்டி வைத்தால் அந்த முறையைப் பின்பற்றுங்கள். நான்கு பேரை மட்டும் தனியே நிறுத்தி 'சிறப்பு ஓட்டம்' வைப்பது வேண்டவே வேண்டாம்.

ஆட்டிசம் உள்ள பையனுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததுதான் பெரும்பாலும் பதற்றம் தரும். ஐந்தாறு படங்களில் அன்றைய நிகழ்ச்சி நிரலை ஓர் அட்டையில் ஒட்டிக் கொடுங்கள்; முடிந்ததை அவனே எடுத்துவிடட்டும். முதல் நாளே ஆள் இல்லாத நேரத்தில் இடத்தைக் காட்டுங்கள். ஒலிபெருக்கிக்கு எட்டாத ஓர் அறையை அமைதி அறையாக ஒதுக்கி, கேட்காமலே போய்வர விடுங்கள். அவன் பத்து நிமிடம் ஆடிவிட்டு அந்த அறைக்குப் போனால், அந்தப் பத்து நிமிடம் முழுப் பங்கேற்புதான்.

பார்வை குறைந்த பையனுக்குத் தரையின் நிறத்துக்கு நேர்மாறான நிறத்தில் இலக்கு வேண்டும். எல்லைக் கோட்டுக்குக் கோல்பால் ஆட்டத்திலிருந்து ஒரு வழி எடுத்துக்கொள்ளலாம். போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946இல் உருவான ஆட்டம் அது. கயிற்றைத் தரையில் வைத்து மேலே டேப் ஒட்டுவார்கள். காலாலும் கையாலும் கோட்டை உணரலாம். இலக்குக்குப் பின்னால் ஒருவர் நின்று கைதட்டினால் திசை தெரியும். மற்றப் பிள்ளைகளின் கண்ணைக் கட்டி 'பார்வையின்மையை உணர' வைக்கும் நிகழ்ச்சியைத் தவிர்த்துவிடுங்கள். அது பெரும்பாலும் பயத்தையும் இரக்கத்தையும்தான் மிச்சம் வைக்கும்.

காதுக் கருவி அணியும் பெண்ணை ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள். கருவி இரைச்சலையும் சேர்த்தே கூட்டித் தரும். விசிலோடு கொடியையும் அசையுங்கள். அறிவிப்பாளரின் முகத்தில் வெளிச்சம் படட்டும். விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தால் உதட்டசைவு தெரியாது.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக: மணலிலும் புல்லிலும் சக்கரம் புதையும், கெட்டித் தரையே நல்லது. வழி 90 செ.மீ. அகலமும், நாற்காலி திரும்ப 150 செ.மீ. விட்டமும் வேண்டும். சாய்தளம் 1:12 சரிவில் இருக்கட்டும். அதாவது 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளம். மேடைக்குச் சாய்தளம் இல்லையென்றால் எல்லோருக்குமே கீழே வைத்துப் பரிசு கொடுங்கள். ஒருத்தியை மட்டும் நாற்காலியோடு தூக்கி ஏற்ற வேண்டாம்.

வேறு பிள்ளைகளும் சேரலாம் என்பதால் பாதுகாப்பு பற்றியும் சொல்கிறேன். அலங்காரத்துக்கு ரப்பர் பலூன் கட்டாதீர்கள். ஸ்பைனா பிஃபிடா எனப்படும் பிறவி முதுகுத்தண்டுக் குறைபாடு உள்ள குழந்தைகளில் பலருக்கு லேடெக்ஸ் (பலூன் செய்யும் இயற்கை ரப்பர்) ஒவ்வாமை உண்டு. பலூன் வெடிக்கும் சத்தமும் சிலரை நிலைகுலைய வைக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சில குழந்தைகளின் கழுத்தெலும்பு மூட்டு தளர்ந்திருக்கும் என்பதால், மருத்துவர் அனுமதிக்காமல் குட்டிக்கரணம் போட விடக் கூடாது. தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் பாதிப்புக்குக் கீழே வியர்க்காமல் போகலாம். அவர்களை நிழலில் வையுங்கள்.

இதையெல்லாம் திட்டமிடுவதற்கு ஒரு மாதம் முன்பே குழந்தையிடம் பேசுங்கள், பெற்றோரிடம் அடுத்து. "என்ன பிரச்சினை?" என்று தொடங்காமல், எந்தக் கை வசதி, எவ்வளவு நேரத்தில் களைப்பு வரும், வேண்டாம் என்றால் எப்படித் தெரிவிப்பாய், கழிப்பறைக்கு யார் உதவலாம் என்று கேளுங்கள். ஆடப் பிடிக்கவில்லையா? புள்ளி எழுதும் பொறுப்பைக் கொடுக்கலாம்.

பாராட்டும்போது "சூப்பர்" என்று நிறுத்தாதீர்கள். "மூன்றாவது பந்துக்குச் சறுக்கை இடப்பக்கம் திருப்பச் சொன்னாய், அதுதான் வெள்ளைப் பந்தைத் தொட்டது" என்று கண்டதைச் சொல்லுங்கள். "இந்த நிலையிலும் எவ்வளவு அழகாக..." என்ற பேச்சு மேடைக்கே வரக் கூடாது, தலைமை விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சான்றிதழில் 'பங்கேற்றமைக்காக' என்று அச்சிடாமல் ஒரு வரியை வெறுமையாக விடுங்கள். ஆட்டம் முடிந்த கையோடு புள்ளி எழுதுபவர் அதை நிரப்பட்டும்: '4 மீட்டர் தூரம், 6 பந்து, 3 புள்ளி.' நாற்பது பிள்ளைகளுக்கும் அதே சான்றிதழ்தான். பந்துகளை மூட்டை கட்டி அடுத்த ஆண்டுவரை பூட்டி வைக்காமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்து ஆடுங்கள். அந்த 3, எப்போது 4 ஆகும் என்று பார்க்க அவளுக்கு ஆசை இருக்கும்.