பிசா ஆய்வில் எங்கள் பள்ளி பங்கேற்க யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளி ஒன்றை நடத்தி வருகிறோம். பல நாட்டு மாணவர்களின் வாசிப்பு, கணித, அறிவியல் திறனை ஒப்பிடும் பிசா சர்வதேச மதிப்பீட்டில் எங்கள் பத்தாம் வகுப்பு மாணவர்களைப் பங்கேற்கச் செய்ய விரும்புகிறோம். மாணவருக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தினால் பதிவும் செய்து, அரசு அனுமதியும் வாங்கித் தருவதாக ஒரு தனியார் நிறுவனம் கூறுகிறது. நாங்களே நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா? – ஒரு பள்ளித் தாளாளர்

பதில்: முதலில், அந்தக் கட்டணத்தைச் செலுத்த வேண்டாம். பிசா ஆய்வுக்கு ஒரு பள்ளி தானாக விண்ணப்பிக்கும் நடைமுறை எந்த நாட்டிலும் இல்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு, அதாவது ஓ.இ.சி.டி., 2000-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகளுக்கு ஒரு சுற்றாக நடத்திவரும் இந்த ஆய்வில் பங்கேற்பது நாடு அல்லது அதன் ஒரு பகுதி. பள்ளிகள் அதற்கான மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன, அவ்வளவே. இந்தியா அந்த அமைப்பின் உறுப்பு நாடு அல்ல என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் பங்கேற்க அதனுடன் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசமைப்புத் திருத்தத்தால் கல்வி பொதுப் பட்டியலுக்கு வந்திருந்தாலும், அயல்நாட்டு ஒப்பந்தங்கள் ஒன்றியப் பட்டியலிலேயே இருக்கின்றன. ஆகவே மாநில அரசு விரும்பினாலும் ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் இசைவு இல்லாமல் இதில் இறங்க இயலாது. மாநில அரசுக்கே இல்லாத அதிகாரத்தை ஒரு தனியார் நிறுவனம் உங்களுக்குப் பெற்றுத் தரும் என்று நம்புவதற்கு இடமில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடி அனுபவம் உண்டு. 2009-ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியாக 2010-இல் நடந்த தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டுமே பங்கேற்றன. 74 நாடுகளும் பகுதிகளும் கொண்ட பட்டியலில் இரண்டும் கிர்கிஸ்தானோடு சேர்ந்து கடைசி மூன்று இடங்களில் நின்றன. வினாக்கள் இந்தியச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்ற காரணத்தைச் சொல்லி, ஒன்றிய அரசு அடுத்தடுத்த சுற்றுகளிலிருந்து விலகிக்கொண்டது. அந்த முடிவை நான் ஏற்கவில்லை. வாசித்துப் பொருள் கொள்வதில் நம் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை அறியக் கிடைத்த வாய்ப்பு அதனால் பல ஆண்டுகளுக்குக் கைநழுவியது. 2019 ஜனவரியில், 2021-ஆம் ஆண்டுச் சுற்றுக்காக மீண்டும் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவை கேந்திரிய வித்யாலயா, நவோதயா வித்யாலயா பள்ளிகளும் சண்டிகர் ஒன்றியப் பகுதிப் பள்ளிகளும்தாம். கொரோனா காரணமாக அந்தத் தேர்வு 2022-க்குத் தள்ளிப்போனது. அதில் பங்கேற்ற 81 நாடுகளிலும் பகுதிகளிலும் இந்தியா இல்லை. அதாவது, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்திருந்தாலும் ஈரோட்டில் உள்ள ஒரு தனியார் பள்ளிக்கு அதில் இடம் இருந்திருக்காது.

தேர்வு முறையை அறிந்துகொண்டால் அந்த நிறுவனத்தின் வாக்குறுதியை நீங்களே எடைபோட்டுவிடலாம். பிசாவில் வகுப்பு கணக்கில்லை, வயதே கணக்கு. 15 வயது 3 மாதம் முதல் 16 வயது 2 மாதம் வரை உள்ள, ஏழாம் வகுப்போ அதற்கு மேலோ படிக்கும் மாணவர்களின் பிறந்த தேதிப் பட்டியலைத் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி அளிக்க வேண்டும். ஒரு மாதம் குறைவதால் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வெளியே நிற்பாள். அதே பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் உள்ளே வருவான். அந்தப் பட்டியலிலிருந்து பொதுவாக 42 பேர் குலுக்கல் முறையில் எடுக்கப்படுவார்கள். நன்றாகப் படிப்பவர்களை அனுப்பவோ, தயங்குபவர்களை நீக்கவோ தலைமையாசிரியருக்கு உரிமை கிடையாது. ஒவ்வொரு மாணவருக்கும் முழு வினாத் தொகுப்பின் ஒரு பகுதி மட்டுமே இரண்டு மணி நேரத் தேர்வாக வருவதால், தனி மாணவருக்கு மதிப்பெண்ணோ தரவரிசையோ சான்றிதழோ வழங்கப்படுவதில்லை. உங்களிடம் வந்த நிறுவனம் மாணவருக்குச் சான்றிதழ் தருவதாகச் சொன்னால், அது நடத்துவது பிசா ஆய்வு அல்ல.

அப்படியானால் அந்த நிறுவனம் நடத்துவது எது என்பதற்கு இரண்டு சாத்தியங்கள் இருக்கின்றன. பிசா அளவுகோலில் தனிப் பள்ளிகளை மதிப்பிடும் வேறொரு தேர்வையும் ஓ.இ.சி.டி. வைத்திருக்கிறது, அதை அந்த அமைப்பின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் மட்டுமே நடத்தலாம். எனவே அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, ஓ.இ.சி.டி.க்கே எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள். அவ்வாறு இல்லையென்றால், அது அந்த நிறுவனம் தானே தயாரித்த பயிற்சித் தேர்வாக இருக்கும். பயிற்சி என்ற பெயரிலேயே நடத்தினால் அதில் தவறில்லை. சேர்க்கை விளம்பரத்தில் பிசா பங்கேற்பு என்று அச்சிட்டால் அது பெற்றோரை ஏமாற்றுவதாகும்.

இத்தகைய வெளித்தேர்வு எதையும் நடத்துமுன், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதி, முதன்மைக் கல்வி அலுவலருக்கு நகல் அனுப்பி, எழுத்து மூலமான பதிலைப் பெற்றுக்கொள்ளுங்கள். நடத்துபவர் யார், கட்டணம் எவ்வளவு, மாணவர்களிடம் எந்தெந்த விவரங்கள் பெறப்படும், அவை எங்கே சேமிக்கப்படும் என்பவை அக்கடிதத்தில் இருக்க வேண்டும். கடைசி விவரத்தை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள்: 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகளாகக் கருதி, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. பெற்றோரின் தொழில், வீட்டிலுள்ள புத்தகங்கள், கணினி வசதி ஆகியவற்றைக் கேட்கும் வினாப்பட்டியல்கள் இத்தகைய தேர்வுகளில் வழக்கம் என்பதால், ஒப்புதல் படிவத்தில் அவற்றையும் குறிப்பிட்டுத் தமிழில் கொடுங்கள்.

மாணவர்களின் சிந்திக்கும் திறனை வளர்ப்பதே உங்கள் நோக்கமென்றால் அதற்கு யாருக்கும் பணம் கட்டத் தேவையில்லை. முந்தைய சுற்றுகளில் பயன்படுத்திய வினாக்கள் சிலவற்றை ஓ.இ.சி.டி. தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கிறது. உங்கள் கணித, அறிவியல் ஆசிரியர்கள் அவற்றில் நான்கைந்தைத் தமிழாக்கி, நம் ஊர்ப் பேருந்து அட்டவணையும் மின்கட்டணப் பட்டியலும் வருமாறு மாற்றி, ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பயிற்சி கொடுக்கத் தொடங்கலாம்.