கோங்மாவில் இரண்டு இரவு: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் நண்பர்கள் நான்கு பேர். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். வரும் அக்டோபரில் நேபாளத்தில் மக்காலு மலையின் பேஸ் கேம்ப் (அடிவார முகாம்) வரை நடக்கலாம் என்று இருக்கிறோம். எவரெஸ்ட் பாதையின் கூட்டம் வேண்டாம் என்றுதான் இதைத் தேர்ந்தெடுத்தோம். ஆண்டுதோறும் வெள்ளியங்கிரி ஏறுகிறோம். எங்களில் இருவர் அரை மாரத்தான் ஓடுபவர்கள்.

ஓர் ஏஜென்சி பன்னிரண்டு நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறது. முதல் நாள் தும்லிங்தாருக்கு விமானம், அங்கிருந்து ஜீப்பில் நும். அடுத்தடுத்த நாட்களில் செதுவா, தாஷிகாவ்ன், கோங்மா, தோபாதே, யாங்லே கார்க்கா, லாங்மாலே. எட்டாம் நாள் பேஸ் கேம்ப். மீதி நான்கு நாளில் திரும்பிவிடலாமாம். இடையில் ஓய்வு நாள் கிடையாது. "நல்ல தெம்பு இருப்பவர்களுக்கு அது தேவையில்லை" என்கிறார்கள்.

இந்த அட்டவணையை நம்பலாமா? டயமாக்ஸ் (உயரம் ஏறுவதால் வரும் நோயைத் தடுக்கும் மாத்திரை) போட வேண்டுமா? பூண்டு சூப்பும் கற்பூரமும் போதும் என்கிறார் நண்பர் ஒருவர். வேறு எதில் கவனமாக இருக்க வேண்டும்?

எஸ்.கே., கோவை

*

அன்புள்ள எஸ்.கே.,

இந்த அட்டவணையோடு போகாதீர்கள். முன்பணம் கட்டியிருந்தாலும் மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மாட்டோம் என்றால் வேறு ஏஜென்சி பாருங்கள்.

ஓய்வு நாள் இல்லை என்பது இமயத்தில் எந்தப் பாதைக்கும் கெடுதல்தான். ஆனால் மக்காலுவுக்கு அது இரட்டைக் கெடுதல். அதற்குக் காரணம் அந்த மலையின் அமைப்பு. எவரெஸ்ட் பாதையிலோ அன்னபூர்ணா பேஸ் கேம்ப் பாதையிலோ பெரும்பாலும் ஒரே பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறீர்கள். உடம்பு சரியில்லை என்றால் வந்த வழியே திரும்பினால் போதும், பெரும்பாலும் கீழே போய்க்கொண்டிருப்பீர்கள். மக்காலு அப்படியில்லை. அருண் ஆற்றுப் பக்கமிருந்து முதுகெலும்பு போல நிற்கும் ஒரு மலைத்தொடரில் ஏறி, ஷிப்டன் லா (சுமார் 4,200 மீட்டர்), கேகே லா (4,150க்குச் சற்று மேல்) என்ற இரண்டு கணவாய்களைத் தாண்டி, மறுபுறம் பருன் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறீர்கள். யாங்லே கார்க்கா சுமார் 3,550 மீட்டர்தான். அதாவது கணவாய்களைவிட 600 மீட்டருக்கு மேல் தாழ்வு. அங்கிருந்து பருன் ஆற்றோடே இறங்கி அருணை அடையலாமே என்று வரைபடம் பார்த்தால் தோன்றும். அந்தக் கீழ்ப்பகுதி செங்குத்தான மலையிடுக்கு. நடைபாதை கிடையாது. ஆகவே பள்ளத்தாக்குக்குள் ஒருவருக்கு உயரத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால், அவர் நடந்து வெளியேற 600 மீட்டர் ஏறியாக வேண்டும். அந்த நிலையில் உள்ளவர் செய்யவே கூடாத வேலை ஏறுவதுதான்.

இப்போது உங்கள் அட்டவணையின் நான்காம் நாளைப் பாருங்கள். தாஷிகாவ்ன் சுமார் 2,100 மீட்டர். கோங்மா சுமார் 3,500. படுக்கும் உயரம் ஒரே நாளில் 1,400 மீட்டர் கூடுகிறது. 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்கு என்பதே உயர்மலை மருத்துவம் சொல்லும் விதி. இந்தப் பாதையில் நான்காம் நாளே அந்த விதியை மீற வேண்டியிருக்கிறது, நில அமைப்பு அப்படி. மீறியதற்கு ஈடாகக் கோங்மாவில் இரண்டாவது இரவு தங்குவதுதான் ஒரே பரிகாரம். உங்கள் ஏஜென்சி அதையும் எடுத்துவிட்டு, மறுநாளே 4,200 தாண்டி 3,800 சொச்சத்தில் இருக்கும் தோபாதேயில் படுக்க வைக்கிறது.

உயர நோய் தலைகாட்ட ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். சிலருக்கு ஒரு நாளும் ஆகலாம். மாலை கோங்மா வந்து சேரும்போது எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள். தலைவலி நள்ளிரவில் வரும். "களைப்பு, தூங்கினால் சரியாகிவிடும்" என்று காலையில் கிளம்பி, இரண்டு கணவாயும் ஏறி, தோபாதே சேரும்போது வாந்தி. தோபாதேயிலிருந்து பின்னால் போனால் ஏற்றம். முன்னால் போனால் 300 மீட்டர் இறக்கம், ஆனால் அது பள்ளத்தாக்குக்கு உள்ளே. இந்தப் பாதையில் ஒருவர் நோயாகிப் படுக்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது தோபாதேதான். கோங்மாவிலோ நிலைமை வேறு. அங்கிருந்து தாஷிகாவ்ன் வரை முழுக்க இறக்கம், அரை நாளில் 1,400 மீட்டர் குறைத்துவிடலாம். யார் தொடர்ந்து போவது, யார் திரும்புவது என்ற முடிவைக் கோங்மாவில்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது இரவு அதற்காகத்தான்.

அந்த ஓய்வு நாளில் படுத்தே கிடக்காதீர்கள். காலையில் சும்மா கைவீசிக்கொண்டு ஷிப்டன் லா பக்கமாக 300, 400 மீட்டர் ஏறி, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புங்கள். மாலையில் நான்கு பேரும் ஒருவரையொருவர் சோதியுங்கள். தரையில் ஒரு நேர்கோடு கிழித்து, ஒரு காலின் குதிகாலை மறுகால் விரல்நுனியில் ஒட்ட வைத்து வைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினாலோ கோட்டை விட்டு விலகினாலோ அது மூளை வீக்கத்தின் தொடக்கமாக இருக்கலாம். தலைவலி, குமட்டல், சாப்பாடு இறங்காமை, தலைசுற்றல் ஆகியவை சாதாரண உயர நோய். அவற்றோடு மேலே ஏறக் கூடாது. அங்கேயே தங்கிக் குணமானால் தொடரலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும் வறட்டிருமலும் நுரையீரல் நீருக்கான அடையாளங்கள். முதுகில் காதை வைத்துக் கேளுங்கள். காதருகே கொஞ்சம் தலைமுடியை விரலிடுக்கில் உரசினால் ஒரு நொறுநொறு ஒலி வருமே, அதே ஒலி மூச்சை இழுக்கும்போது கேட்கும். கேட்டால் விடியும்வரைகூடக் காத்திருக்காமல் கீழே இறக்க வேண்டும், அவருடைய பையை வேறொருவர் சுமக்க வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று கொண்டுபோங்கள். ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். குளிர்ந்த விரலில் அது தவறாகக் குறைத்துக் காட்டும். கையைச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின் பாருங்கள். பேஸ் கேம்ப் உயரத்தில் நலமாக இருப்பவருக்கும் எண்பதை ஒட்டி வரலாம். நால்வரில் ஒருவருக்கு மட்டும் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் அவரைக் கவனியுங்கள்.

இனி தெம்பு பற்றி. தெம்பு உங்களை நோயிலிருந்து காக்காது. வேகமாக நடக்க வைத்து நோயை வரவழைக்கவே கூடும். 1953இல் எவரெஸ்ட் உச்சியில் நின்ற ஹிலாரி, மறு ஆண்டே இதே மக்காலு மலையில் நோயுற்றுக் கீழே கொண்டுவரப்பட்டார். ஒரு சக வீரரைப் பனிப்பிளவிலிருந்து மீட்கும் முயற்சியில் அவருக்கு விலா எலும்பும் அடிபட்டிருந்தது. 1961இலும் மக்காலுவில் அவர் நோயாகி இறங்க நேர்ந்தது. வெள்ளியங்கிரி நல்ல பயிற்சிதான், முழங்காலுக்கும் மூச்சுக்கும். ஆனால் உயரத்துக்குப் பழக அது உதவாது. நம் நீலகிரியின் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், உயரத்தால் உடல் மாற்றம் தொடங்கும் எல்லையே கிட்டத்தட்ட அதுதான். வெள்ளியங்கிரியை எட்டுப் பத்துக் கிலோ பையோடு ஏறி, இறக்கத்தை நிதானமாகப் பழகுங்கள். இரண்டாம் நாள் நும்மிலிருந்து அருண் ஆற்றுப் பாலத்துக்குச் சுமார் 800 மீட்டர் இறங்கி, உடனே கிட்டத்தட்ட அதே அளவு செதுவாவுக்கு ஏற வேண்டும். ஆற்றங்கரை வெக்கை அக்டோபரிலும் நம்மூர் போலத்தான் இருக்கும். முழங்கால் வலி பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இரண்டு கைத்தடியும் அன்றே தேவைப்படும்.

டயமாக்ஸ் பற்றிக் கேட்டீர்கள். இந்தப் பாதையில் கோங்மா ஏற்றத்தைத் தவிர்க்க முடியாது என்பதால், போடுவதே புத்திசாலித்தனம் என்பேன். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலையும் மாலையும். ஏற்றத்துக்கு முதல்நாள், அதாவது தாஷிகாவ்னில் தொடங்கி, பேஸ் கேம்ப்பிலிருந்து இறங்கத் தொடங்கும்வரை. விரல்நுனியும் உதடும் மரத்துப் போனாற்போல் கூசும், சிறுநீர் அதிகம் போகும். பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், வேறு மாத்திரை சாப்பிடுபவர் எல்லோரும் மருத்துவரைப் பார்க்காமல் தொடக் கூடாது. ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள். டெக்ஸாமெத்தசோன், நிஃபெடிபின் இரண்டையும் அவசரத்துக்கு மருத்துவரிடம் எழுதி வாங்கி, எப்போது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியிலேயே வையுங்கள். மூளை வீக்கத்துக்கு முதலாவது, நுரையீரல் நீருக்கு இரண்டாவது. இவை இறங்குவதற்கு அவகாசம் வாங்கித் தரும் மருந்துகள், மேலே தங்குவதற்கு அல்ல.

பூண்டு சூப் குடியுங்கள், சூடான நீர் உள்ளே போவது நல்லதே. அது உயர நோயைத் தடுக்காது. கற்பூரத்தை முகர்ந்தால் மூக்கு திறந்தாற்போல் இருக்கும், காற்றில் ஆக்சிஜன் அதிகமாகிவிடாது. பேஸ் கேம்ப் இருக்கும் 4,870 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியைச் சற்றே தாண்டும். அங்கே தண்ணீர் 84 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அது போதும், பருப்பு வேகப் போதாது. குக்கர் வைத்திருக்கும் லாட்ஜில் மட்டும் பருப்புச் சோறு கேளுங்கள். இழைக்குழாய் வகைத் தண்ணீர் வடிகட்டி கொண்டுபோனால் இரவில் தூக்கப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை உறைந்துவிட்டால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது.

இப்போது அட்டவணை. நும், செதுவா, தாஷிகாவ்ன் மூன்றும் உங்கள் ஏஜென்சி சொன்னபடியே இருக்கட்டும். கோங்மாவில் நான்காம், ஐந்தாம் இரவு. ஆறாம் நாள் தோபாதே. ஏழு யாங்லே கார்க்கா. எட்டு லாங்மாலே, சுமார் 4,400 மீட்டர். யாங்லேயிலிருந்து 850 மீட்டர் ஏற்றம் என்பதால் அங்கே ஒன்பதாம் இரவும். பத்தாம் நாள் பேஸ் கேம்ப். பதினொன்றாம் நாள் விடியலில் பேஸ் கேம்ப்புக்கு மேலுள்ள மேட்டில் ஏறுங்கள். மக்காலுவின் தெற்கு முகம் முகாமிலிருந்தே தெரியும், எவரெஸ்டும் லோட்சேயும் தெரிய மேலே போக வேண்டும். அன்று லாங்மாலே, பன்னிரண்டு யாங்லே, பதின்மூன்று தோபாதே, பதினான்கு கோங்மா, பதினைந்து தாஷிகாவ்ன், பதினாறு நும், பதினேழு தும்லிங்தார் வழியே காத்மாண்டு. இதற்கு மேல் இரண்டு நாள் உபரி. மொத்தம் பத்தொன்பது.

அந்த உபரி இரண்டு நாள் தும்லிங்தார் விமானம் ரத்தாவதற்கு மட்டுமல்ல. அக்டோபரில் நம் வங்கக் கடலில் எழும் புயல் இமயம்வரை போகும். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுத்ஹுத், இரண்டு நாள் கழித்து அன்னபூர்ணா பகுதியில் பெரும் பனியாகக் கொட்டியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஷிப்டன் லாவில் அப்படிப் பனி விழுந்தால் நீங்கள் பருன் பள்ளத்தாக்குக்குள் அடைபடுவீர்கள், பாறைப் பலகைகள் கண்ணாடிபோல் வழுக்கும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்ற செய்தி கோங்மாவில் காதில் விழுந்தால் கணவாய் தாண்டாமல் அங்கேயே பொறுத்திருங்கள். ஷூவில் மாட்டும் பனிமுள் சங்கிலி ஆளுக்கொரு ஜோடி வேண்டும், போர்ட்டர்களுக்கும் சேர்த்துத்தான்.

கணவாய் நாளில் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, மதிய மேகம் ஏறுமுன் இரண்டையும் தாண்டிவிடுங்கள். தோபாதேயிலிருந்து இறங்கிப் பருன் கரையை அடைந்ததும் நிலச்சரிவுப் பகுதி வரும். வெயில் பட்டு இளகினால் கல் உருளும். காலையிலேயே, ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டுக் கடந்துவிடுங்கள், நின்று படம் எடுக்க வேண்டாம்.

காப்பீட்டில் ஹெலிகாப்டர் மீட்பு இருக்கிறதா, உயர வரம்பு 5,000 மீட்டருக்கு மேல் உண்டா என்று பாலிசியையே வாசித்துப் பாருங்கள். நம்மூர்ப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் மலையேற்றம் விலக்கு. கோங்மாவுக்கு அப்பால் செல்பேசியை நம்ப முடியாது, கைடிடம் சாட்டிலைட் போன் இருக்க வேண்டும். நீங்கள் வாங்கி எடுத்துப்போக நினைக்காதீர்கள். இந்தியாவில் அனுமதியின்றி அதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம், விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். தும்லிங்தாரிலிருந்து நும் போகும் வழியில் உள்ள காந்த்பாரி நகரைத் தாண்டினால் ஏடிஎம்மை நம்ப முடியாது.

போர்ட்டருக்கு 30 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். அவரிடம் நல்ல ஷூவும் குளிருடையும் இருக்கிறதா என்று தும்லிங்தாரிலேயே பாருங்கள். கீழ்க் கிராமத்து ஆளுக்கும் உங்களைப் போலவே தலை வலிக்கும், வாய்விட்டுச் சொன்னால் கூலி போய்விடும் என்று மறைப்பார். கோங்மா சோதனையில் அவரையும் கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். திரும்ப அனுப்ப நேர்ந்தால் முழுக் கூலியும் கொடுத்து, துணைக்கு ஆளோடு அனுப்புங்கள்.

பத்தொன்பது நாள் விடுமுறை கிடைக்காது என்றால், மக்காலுவைச் சுருக்க வேண்டாம். லாங்டாங் பள்ளத்தாக்குக்குப் போங்கள். கியாஞ்சின் கோம்பா 3,870 மீட்டர், அங்கிருந்து செர்கோ ரி ஏறினால் ஏறக்குறைய 5,000. இரண்டு வாரத்துக்குள் முடியும். உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒரே திசையில் இறங்கிக்கொண்டே போகலாம். மக்காலுவுக்கு இன்னொரு வருடம் விடுப்புச் சேர்த்துக்கொண்டு போகலாம்.

ஏஜென்சி திருத்தித் தரும் அட்டவணையை அனுப்புங்கள். ஒவ்வோர் இரவும் படுக்கும் இடத்தின் உயரத்தை அதில் எழுதச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.