3450-இல் எழும் மேடு

கேள்வி: டர்பனில் முதுகலை வேதியியல் படிக்கிறேன். காமா அலுமினாவை (ஒரு வகை அலுமினியம் ஆக்சைடு) 120 டிகிரியில் உலர்த்தி, பொட்டாசியம் புரோமைடு வில்லையாக அழுத்தி அகச்சிவப்பு நிறமாலை எடுத்தேன். 3450 செ.மீ⁻¹ பக்கம் பெரிய பட்டை. மேற்பரப்பு ஹைட்ராக்சில் (OH தொகுதி) என்று எழுதினேன், பேராசிரியை ஏற்கவில்லை. என் உழைப்பு வீணா?
— வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: பேராசிரியை சொல்வதுதான் சரி, தங்கச்சி. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் தண்ணீர். 1630 அருகே இன்னொரு பட்டை இருக்கிறதா பாருங்கள். அது நீர் மூலக்கூறு வளைந்து அதிர்வதால் வருவது. ஹைட்ராக்சிலுக்கு அது கிடையாது. டர்பனில் ஜனவரி மாதம் கொடியில் போட்ட துணியே காய மறுக்கிறது, பொட்டாசியம் புரோமைடு மட்டும் சும்மா இருக்குமா? வெறும் வில்லையை எடுத்தாலும் அந்த மேடு கொஞ்சம் தெரியும். அதைக் கழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அரைக்கும்போது அலுமினாவும் தன் பங்குக்கு ஈரம் பிடித்திருக்கும்.

புரோமைடே வேண்டாம். அலுமினாவை மட்டும் மெல்லிய வில்லையாக அழுத்தி, கால்சியம் ஃபுளோரைடு சன்னல் உள்ள கலத்தில் வைத்து, வெற்றிடத்தில் 400 டிகிரி வரை சூடாக்குங்கள். ஆறியதும், காற்றுப் படாமல் அங்கேயே நிறமாலை எடுங்கள். அகன்ற மேடு பெரும்பாலும் போய், 3800க்கும் 3650க்கும் நடுவே சின்னச் சின்ன கூரான பட்டைகள் எழும். அவைதான் நீங்கள் தேடியவை. பொதுவாக, ஒரே அலுமினியத்தோடு நிற்பவை பெரிய எண் பக்கம் வரும். இரண்டு மூன்றைப் பிடித்திருப்பவை சிறிய எண் பக்கம். ஆனால் ரொம்பச் சுட்டுவிடாதீர்கள், ஹைட்ராக்சில்களே இரண்டிரண்டாகச் சேர்ந்து நீராகப் போய்விடும்.

எந்தப் பட்டை எது என்பதில் சண்டை பழையது. 1965இல் பெரி என்ற ஆய்வாளர் ஐந்து பட்டைகளுக்கு விளக்கம் சொன்னார். 1978இல் க்னோட்சிங்கரும் ரத்னசாமியும் வேறு வகைப்பாடு தந்தார்கள். (ரத்னசாமி பின்னாளில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநர்.) அதனால் ஒவ்வொரு பட்டைக்கும் பெயர் சூட்ட அவசரப்படாதீர்கள்.

கன நீர் கிடைத்தால் அதன் ஆவியைக் கொஞ்சம் விட்டு, மறுபடி சூடாக்கி வெளியேற்றுங்கள். மேற்பரப்பு ஹைட்ராக்சிலில் ஹைட்ரஜன் போய், கன நீரில் உள்ள டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) உட்காரும். 3700 பக்கம் இருந்தது 2730 அருகே இறங்கும். ஆவி எட்டாத உட்புற ஹைட்ராக்சில் அவ்வளவு சுலபத்தில் நகராது. இந்த ஒரு படம் உங்கள் வாதத்துக்குப் போதும்.

வெற்றிடக் கலம் இல்லையா? உலர் நைட்ரஜன் ஓட்டத்தில் சூடாக்கும் பரவல் எதிரொளிப்புக் கலம் (தூள் சிதறடிக்கும் ஒளியை அளப்பது) இருக்கிறதா என்று கேளுங்கள். அலுமினா தயாரித்த வேலையும் அதன் மற்ற அளவீடுகளும் அப்படியே நிற்கின்றன. மாற்ற வேண்டியது இந்த ஒரு படத்தைத்தான். புதுப் படத்தின் கீழே எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் சூடாக்கினீர்கள் என்று மறக்காமல் எழுதுங்கள். பேராசிரியை முதலில் கேட்கப்போவது அதுதான்.