மணல் எவ்வளவு நேரம் பிடித்துக்கொள்ளும்?

அன்புள்ள ஐயா,

கடல் காற்றாலைகள் பற்றிய உங்கள் கட்டுரையில் சக்‌ஷன் கெய்சன் அடித்தளங்களைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். கவிழ்த்த டம்ளர் போன்ற இரும்புக் கலம், உள்ளே இருக்கும் நீரை பம்ப் வைத்து இறைத்தால் கடல்தரைக்குள் தானே இறங்கிவிடும் என்கிறீர்கள். களிமண்ணில் இது எனக்குப் புரிகிறது. ஆனால் மணல் நீரைத் தேக்கி வைக்காதே? பம்பை நிறுத்தியதும் உறிஞ்சல் போய்விடும். பிறகு எதை நம்பி அதன்மேல் காற்றாலையை நிறுத்துகிறார்கள்? மணலில் அதன் தாங்குதிறன்தான் என்ன?

ச., சிவில் இறுதியாண்டு, திருச்சி

அன்புள்ள ச.,

உங்கள் சந்தேகம் நியாயமானது. பம்பை நிறுத்தியபின் மணலில் அந்த உறிஞ்சல் நிலைக்காது, சீக்கிரமே கசிந்து சமமாகிவிடும். பம்ப் வந்தது கலத்தை இறக்குவதற்காக மட்டும்தான். அந்த வேலைக்கு மணலின் கசிவு பெரிய உதவி. பம்ப் இறைக்கும்போது வெளிநீர் சுவரின் கீழ்விளிம்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே மேல்நோக்கிப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் மணல்துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசையைக் குறைக்கிறது, விளிம்பில் எதிர்ப்பு தளர்கிறது. இல்லாவிட்டால் வடகடலின் இறுகிய மணலில் அவ்வளவு பெரிய கலத்தை எடையால் மட்டும் இறக்க முடியாது. அளவுக்கு மீறி இறைத்தால் உள்மணல் கொதிப்பதுபோல் பொங்கி நீர் வழி பிளந்துகொள்ளும். ஆகவே பம்பின் வேகத்துக்கும் ஒரு வரம்பு உண்டு.

இனி தாங்குதிறன். கீழ்நோக்கிய சுமை பெரிய கவலை இல்லை. மூடி மணலின் மேல் உட்கார்ந்துவிடும், சுற்றுச்சுவர் உள்மணலை விலகவிடாமல் பிடிக்கும். காற்றோ அலையோ பக்கவாட்டில் தள்ளும்போது ஒரு பக்கத்துக் கால் மேலே இழுபடும். சிக்கல் அப்போதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். விட்டம் 12 மீட்டர், சுவர் ஆழம் 6 மீட்டர். மெதுவாக இழுத்தால் நீர் தாராளமாக உள்ளே வந்துவிடும், எதிர்ப்பது சுவரின் உராய்வு மட்டும். நீருக்குள் மணலின் எடை கனமீட்டருக்கு சுமார் 1 டன், உராய்வுக் கெழுவையும் பக்கவாட்டு அழுத்தக் கெழுவையும் பெருக்கினால் 0.5 என்று வையுங்கள். உள்முகம், வெளிமுகம் இரண்டும் சேர்த்து 680 டன் அளவில் வரும். இழுக்கும்போது உராய்வே மணலைத் தூக்கி அழுத்தத்தைக் குறைப்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறையும். 600 என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது அதே கலத்தை ஒரு நொடியில் சுண்டி இழுங்கள். நீர் உள்ளே வர நேரமில்லை. மூடிக்கு அடியில் அழுத்தம் சரிகிறது, கலத்தோடு உள்மணலும் கீழ்மண்ணும் சேர்ந்து எழ வேண்டியிருக்கிறது. இந்த எதிர்ப்புக்கு வரம்பு, நீர் ஆவியாகிக் குமிழ்விடும் இடம். 70 மீட்டர் ஆழத்தில் அது சதுரமீட்டருக்கு ஏறத்தாழ 80 டன். மூடியின் பரப்பு 113 சதுரமீட்டர். பெருக்கினால் 9000 டன். மண் அதற்கு முன்பே விட்டுக்கொடுக்கும் என்பதால் இது தொட முடியாத மேல்வரம்பு, ஆனாலும் 600 எங்கே, 9000 எங்கே? கலம் அதே, மணல் அதே. மாறியது இழுத்த வேகம் மட்டும். எனவே "தாங்குதிறன் என்ன?" என்ற உங்கள் கேள்விக்கு ஒற்றை எண்ணைப் பதிலாகத் தர நான் மறுக்கிறேன். எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்காமல் மணலில் தாங்குதிறன் பேசவே கூடாது.

நான் எடுத்த அளவுகள் கற்பனை அல்ல. நார்வேயின் வடகடல் பகுதியில், 70 மீட்டர் ஆழத்தில், இறுகிய மணலில் 1994இல் நிறுத்தப்பட்ட டிராப்னர் ஈ எரிவாயு மேடையின் நான்கு கால்களுக்கும் கீழே இருக்கும் கலங்களின் அளவு அது. ஜாக்கெட் எனப்படும் இரும்புச் சட்டகத்தை பைல் (மண்ணுக்குள் அடித்து இறக்கும் நீண்ட தூண்) அடிக்காமல் இப்படி நிறுத்தியது அதுவே முதல்முறை. புது முறை என்பதால் ஸ்டாட்ஆயில் நிறுவனம் அங்கே உணர்கருவிகளைப் பொருத்திக் கண்காணித்தது. 1995 ஜனவரி 1 அன்று அந்த மேடையின் லேசர் கருவி 25.6 மீட்டர் உயர அலை ஒன்றைப் பதிவு செய்தது. அன்றைய புயலின் குறியீட்டு அலை உயரமே, அதாவது உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரியே, 12 மீட்டர்தான். ராட்சத அலை என்று மாலுமிகள் காலங்காலமாகச் சொல்லிவந்ததற்குக் கருவியில் கிடைத்த பெரும் சான்று அது. மேடை சிறு சேதத்தோடு நின்றது. அலை தூக்கும் நேரம் சில விநாடிகள்தான், அந்த விநாடிகளுக்குள் மணலால் தன் நீரை முழுவதும் விட்டுவிட முடியாது. அவ்வளவு பெரிய அலையைப் பற்றி எழுதுபவர்கள் அந்த மேடையின் காலடியில் இருந்த மணலைப் பற்றியும் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

காற்றாலையில் கதை மாறுகிறது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் ஹௌல்ஸ்பியும் பைர்னும் கணக்குக்கு எடுத்துக்கொண்ட 3.5 மெகாவாட் காற்றாலையைப் பாருங்கள். மொத்த எடை சுமார் 600 டன். காற்று 90 மீட்டர் உயரத்தில் 100 டன் விசையோடு தள்ளுகிறது, அலை 10 மீட்டர் உயரத்தில் 300 டன் விசையோடு. அலைதான் பெரிது என்று தோன்றும். விசையை உயரத்தால் பெருக்கித் திருப்புத்திறன் எடுத்தால் காற்று 9000 டன்-மீட்டர், அலை வெறும் 3000. மூன்று கால்கள், 20 மீட்டர் இடைவெளி. காற்றை எதிர்கொள்ளும் ஒற்றைக்காலில் காற்றால் மட்டும் 520 டன் மேலிழுப்பு, அந்தக் காலின் பங்கு எடை 200 டன். நிகரம் 320 டன். அலை பத்துப் பதினைந்து விநாடிகளில் திரும்பிவிடும், காற்று மணிக்கணக்கில் விடாது. அந்த 320 டன்னுக்கு உறிஞ்சலைக் கணக்கில் சேர்க்கவே கூடாது, உராய்வே முழுவதையும் தாங்க வேண்டும். இடைவெளியை 30 மீட்டராக்கினால் நிகர இழுப்பு 150 டன்னாகக் குறையும். கலத்தைப் பெரிதாக்குவதைவிடக் கால்களை விரித்து வைப்பது பல இடங்களில் சிக்கனம்.

உறிஞ்சலை நம்பத் தயங்க இன்னொரு காரணமும் உண்டு. ஆக்ஸ்போர்டு அழுத்தக்கலன் சோதனைகளில், இழுப்பு உராய்வின் எல்லையைத் தாண்டியதும் கெய்சனின் விறைப்பு, அதாவது நகராமல் எதிர்த்து நிற்கும் தன்மை, மளமளவென்று சரிந்தது. எதிர்ப்பு அதன்பிறகும் ஏறியது, ஆனால் கலம் நிறைய மேலெழும்பிய பிறகு. எண்ணெய் மேடை அதைச் சற்றுப் பொறுக்கலாம். அரை டிகிரி சாய்ந்தாலே சிக்கலாகும் காற்றாலை பொறுக்காது. அதனால்தான் அன்றாடச் சுமையில் எந்தக் காலும் உராய்வு எல்லையைத் தாண்டக் கூடாது, உறிஞ்சல் எப்போதாவது வரும் உச்சப் புயலுக்கு மட்டும் என்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

நான் சொன்ன எல்லாமே இறுகிய மணலுக்கு. இறுகிய மணல் நறுக்கென்று நகரும்போது விரியும், நீரை உள்ளிழுக்கும், அதனால் பிடி கூடும். தளர்ந்த மணல் சுருங்கி நீரழுத்தத்தை ஏற்றும், புயலின் ஆயிரக்கணக்கான அலைகளில் அது படிப்படியாகச் சேர்ந்து பிடியையே தின்றுவிடும். ஆகவே உங்கள் ப்ராஜெக்ட்டில் எடுத்தவுடன் சூத்திரத்துக்குப் போகாதீர்கள். முதலில் கூம்பு முனைக் கம்பியை மண்ணில் அழுத்திப் பார்க்கும் கோன் சோதனையின் முடிவை வாங்கி மணலின் இறுக்கத்தைப் பாருங்கள், பிறகு நீர்க்கசிவுத் திறன், அதன்பின் சுமை எத்தனை விநாடி நீடிக்கிறது என்பது. கணக்கு முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.