உறுமியைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றலாமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அண்ணே, போன இதழில் தென்னாப்பிரிக்காவின் பிளாக் மோஷன் என்ற இரண்டு பேர் இசைக்குழுவைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். நானும் என் கூட்டாளியும் தாமான் (குடியிருப்பு) வீட்டில் ஓர் அறையில் லேப்டாப் வைத்து ஹவுஸ் மியூசிக், அதாவது மெஷின் தாளத்தில் ஓடுகிற ஆட்ட இசை செய்கிறோம், உறுமியும் சேர்க்கிறோம். அப்பா, "சாமிக்கு அடிக்கிற மேளத்த டிஸ்கோவுக்கு அடிக்கிறியா?" என்று கோபப்படுகிறார். அந்த இரண்டு பேர் எப்படி மேலே வந்தார்கள் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.
உறுமி மேள இளைஞர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, போன முறை இடம் போதவில்லை, இந்த முறை சொல்லிவிடுகிறேன். முர்டா என்கிற பொங்கானி மொஹோசானா, ஸ்மோல் என்கிற தாபோ மபோக்வானே, இந்த இரண்டு பேர்தான் பிளாக் மோஷன். ஊர் சோஷாங்குவே, பிரிட்டோரியாவுக்கு வடக்கே. நிறவெறி ஆட்சி 1974இல் மக்களை வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடிவைத்த ஊர் அது. சோத்தோ, ஷங்கான், ங்குனி, வெண்டா என்ற நாலு இனத்தின் பெயரிலிருந்தும் ஒவ்வொரு துண்டு எடுத்து ஒட்டி ஊருக்குப் பேர் வைத்தார்கள். தோட்டத்து லயன் வீடுகளை இடித்தபிறகு சாமான்களை லோரியில் ஏற்றித் தாமானுக்கு வந்த நமக்கு அந்த ஊரைப் பற்றி ரொம்ப விளக்க வேண்டியதில்லை.

2010இல் சேர்ந்தார்கள், மறு வருஷமே முதல் ஆல்பம். பேர் 'டாக்கிங் டு தி ஆன்செஸ்டர்ஸ்', அதாவது முன்னோரோடு பேசுவது. ஆட்டத்துக்கான இசைத்தட்டுக்கு இப்படி ஒரு பேர்! அப்புறம் 2012இல் 'அக்வேரியன் டிரம்ஸ்', 2014இல் 'ஃபார்ச்சூன் டெல்லர்', 2016இல் 'யா பதிமோ', 2018இல் 'மோயா வா தவோலா', 2020இல் 'தி ஹீலர்ஸ்'. இந்தப் பேர்களை ஒரு தடவை சேர்த்துப் படித்துப் பார். பதிமோ என்றால் அவர்கள் மொழியில் முன்னோர். தவோலா, அந்த மண்ணின் வைத்தியர்கள் குறி பார்க்கும்போது உருட்டிப் போடுகிற எலும்பு. குறிசொல்லி, மேளம், முன்னோர், வைத்தியர் என்று பத்து வருஷம் ஒரே கிணற்றைத்தான் தோண்டியிருக்கிறார்கள், நடுவில் எது ஓடுகிறதோ அதன் பின்னால் ஓடவில்லை. எனக்கு அவர்களிடம் ரொம்பப் பிடித்ததே அதுதான்.

மேடையிலும் அப்படித்தான். முர்டா டிஜே மேசையில் நின்று பாட்டைக் கலந்துவிட, பக்கத்தில் ஸ்மோல் நிஜ மேளங்களை வைத்துக்கொண்டு கையாலும் குச்சியாலும் அடிப்பார். மெஷின் ஒரு வினாடியும் தவறாமல் தும் தும் என்று போய்க்கொண்டிருக்கும், அதற்கு மேலே மனுஷன் ஒருவன் வியர்த்து வடிய அடிக்கும்போது கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும், அந்த இழுப்பில்தான் கால் தானாகத் தூக்குகிறது. காவடி எடுப்பவருக்கு உறுமி மேளம் நெருங்கி வந்ததும் உடம்பு சிலிர்ப்பதை நீ எத்தனை முறை பார்த்திருப்பாய், அதே சங்கதிதான்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவரோடு வாதம் பண்ணாதே, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் உறுமி வாசித்த தாத்தா ஒருவர் இருந்தார், பகலில் ரப்பர் பால்வெட்டு. திருவிழா அன்று உறுமியைத் தரையில் வைக்க மாட்டார், மடியில்தான் வைத்துக்கொள்வார். வளைந்த குச்சியால் தேய்த்துத் தேய்த்து இடது பக்கத் தோலில் பிறை மாதிரி ஒரு கறுப்புத் தடம் விழுந்திருக்கும். அந்தத் தடத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அது வெறும் 'சவுண்டு' ஆகிவிடக்கூடாது என்ற பயம் இருக்கத்தான் செய்யும். பிளாக் மோஷன்காரர்கள் தங்கள் மேளம் யாருடையது என்பதை மறைக்கவில்லை, ஆல்பத்தின் பேரிலேயே எழுதிவைத்தார்கள். நீயும் அதைச் செய்யலாம். பாட்டை முடித்ததும் முதலில் அப்பாவுக்குப் போட்டுக் காட்டு, எந்த அடி சாமி இறங்கும்போது மட்டும் அடிப்பது, எதை வெளியே எடுத்துப்போகலாம் என்று அவரிடமே கேள். அவர் வேண்டாம் என்று சொல்கிற அடியை விட்டுவிடு.

கேள்வி: அந்த இரண்டு பேரும் இப்போது ஒன்றாக இல்லையாமே? இரண்டு பேர் சேர்ந்து தொழில் செய்தாலே கடைசியில் சண்டைதானா?
வாசகி, ஈப்போ

பதில்: பத்து வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாசித்தபிறகு முர்டா விலகிப் போனது உண்மை. ஸ்மோல் பிளாக் மோஷன் பேரை விடவில்லை, புராப்ளம் சைல்ட் என்ற பேரில் வாசித்துக்கொண்டிருந்தவரைச் சேர்த்துக்கொண்டு தொடர்ந்தார். அவர்கள் வீட்டு விஷயத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் இந்த இடத்தில் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் ஒரு மேளக்குழு, டி-சட்டையில் போட்ட பேர் யாருக்குச் சொந்தம் என்ற ஒரே சண்டையில் உடைந்தது, பதினைந்து வருஷம் ஆகியும் அண்ணன் தம்பி முகம் பார்ப்பதில்லை. பாட்டை யார் செய்தார்கள், காசு எப்படிப் பிரிகிறது, ஒருவர் போனால் பேர் யாருக்கு, இந்த மூன்றையும் நட்பாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. அதே நாட்டுக் காப்சா டி ஸ்மால், டிஜே மபோரிசா இரண்டு பேரும் 2019இல் ஸ்கார்பியன் கிங்ஸ் என்று சேர்ந்து அமாபியானோ என்கிற ஆட்ட இசைப் பாட்டுகள் போட்டார்கள், ஆனால் அவரவர் பேரை அவரவர் வைத்துக்கொண்டார்கள். தனியாகவும் பாட்டுப் போடலாம், சேர்ந்தும் போடலாம்.

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் தமிழர்கள் இருக்கும் ஊர் டர்பன் என்கிறார்கள். அங்கேயும் இந்த மாதிரி இசை உண்டா?
வாசகர், பாடாங் சிராய்

பதில்: உண்டு, நல்ல கனமாகவே உண்டு. டர்பனின் கறுப்பின மக்கள் குடியிருப்புகளில் பிறந்ததுதான் 'கோம்', நாக்கைச் சொடுக்கிச் சொல்ல வேண்டிய சொல். சாதாரணக் கம்ப்யூட்டரில் பையன்கள் வீட்டில் செய்து, கைப்பேசியிலும் வேன் டாக்சியிலும் பரவிய இசை. அங்கிருந்து வந்த டிஸ்ட்ரக்ஷன் பாய்ஸ், இவர்களும் இரண்டு பேர்தான், 2017இல் 'ஒமுன்யே' என்ற பாட்டால் ஆப்பிரிக்கா முழுக்கத் தெரிந்தார்கள். நம் ஆட்கள் அங்கே போய் இறங்கியது 1860 நவம்பர் 16, சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பலில், கரும்புத் தோட்ட வேலைக்கு. நம்மை ரப்பருக்குக் கொண்டுவந்தார்கள், அவர்களைக் கரும்புக்கு. இன்றும் டர்பனில் தைப்பூசக் காவடி எடுக்கிறார்கள். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து கோமும் உறுமியும் கலந்து ஒரு பாட்டுப் போட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. யாராவது முயற்சி செய்தால் எனக்கு எழுதுங்கள், இங்கே போடுகிறேன்.

கேள்வி: என் மாமனார் பழைய உறுமிக்காரர். வயது எண்பதை நெருங்குகிறது. என் மகன் நெட்டில் கிடைக்கிற உறுமி சாம்பிளை (யாரோ பதிவு செய்துவைத்த சத்தத் துண்டை) எடுத்துப் போட்டுப் பாட்டுச் செய்கிறான். தாத்தா வாசிப்பதை எடுத்துப் பயன்படுத்தக் கூடாதா அண்ணே?
இல்லத்தரசி, பாகான் செராய்

பதில்: தங்கச்சி, அதைத்தான் செய்ய வேண்டும், அதுவும் சீக்கிரம். நெட்டில் கிடைக்கிற சாம்பிள் ஒரே 'உம்ம்' சத்தம், எத்தனை தடவை போட்டாலும் அதே 'உம்ம்'. தாத்தா தேய்க்கும்போது ஒவ்வொரு உறுமலும் வேறு, ஒன்று கீழேயிருந்து ஏறும், ஒன்று பாதியில் அறுந்து நிற்கும். மகனிடம் சொல்லுங்கள், இரண்டு மைக் வேண்டும், தேய்க்கும் பக்கம் ஒன்று, குச்சியால் தட்டும் பக்கம் ஒன்று. ஒரு மைக்கை நடுவில் வைத்தால் தட்டுகிற சத்தம் உறுமலை முழுங்கிவிடும். பதிவு செய்தபிறகு கம்ப்யூட்டரில் எல்லா அடியையும் கட்டத்துக்குள் இழுத்து நேராக்குகிற பட்டனை அமுக்கவே கூடாது, அமுக்கினால் தாத்தா போய்விடுவார், சாம்பிள்தான் மிஞ்சும்.

இன்னொன்று, காவடி நடை பெரும்பாலும் தகிட தகிட என்று மூன்று மூன்றாக வரும், ஹவுஸ் அடி நாலு நாலாக எண்ணுவது. பயப்பட வேண்டாம். ஹவுஸின் ஒவ்வொரு தும்முக்குள்ளும் ஒரு தகிடவைப் போட்டால் நன்றாக உட்காரும், மூன்றும் இரண்டும் மோதிக்கொள்வது ஆப்பிரிக்க மேளத்திலும் பழகிய சங்கதிதான்.

மாமனாருக்கு ஹெட்போன் மாட்டி மெஷின் அடியைக் கேட்கவைக்காதீர்கள், அவர் நடையில் அவர் வாசிக்கட்டும், பேரன் கம்ப்யூட்டரின் வேகத்தை அவருக்கு ஏற்றபடி திருப்பிக்கொள்ளட்டும். காலையில் வையுங்கள், மழை இல்லாத நாளாகப் பார்த்து. கயிற்றை இழுத்து, தோலைத் தட்டிப் பார்த்து, திரும்ப இழுத்து அவர் சரிபண்ணும் அந்தப் பத்து நிமிஷத்தையும் சேர்த்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.