பாலித் தீவில் பொழுது சாய்ந்த பிறகு

பெங்களூரிலிருந்து பாலிக்கு நேரடி விமானம் வந்த பிறகு, இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி அந்தத் தீவைப் பற்றியே இருக்கின்றன. இந்த முறை வந்தவற்றுள் மாலையையும் இரவையும் பற்றிக் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மகனும் மருமகளும் எங்களைப் பாலிக்கு அழைத்துச் செல்கிறார்கள். என் கணவருக்கு வயது 68. காணொளிகளில் பார்த்தால் இரவு என்றாலே மதுக்கூடமும் ஆட்டமுமாகத்தான் இருக்கிறது. இருட்டிய பிறகு நாங்கள் இருவரும் அறையிலேயே அடைந்துகிடக்க வேண்டியதுதானா?
வாசகி, மல்லேஸ்வரம்

பதில்: வேண்டியதே இல்லை, அம்மா. பாலியின் மாலை இரவு 10 மணிக்குத் தொடங்குவதன்று. 5 மணிக்கே தொடங்கிவிடுகிறது. தீவு நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால், எந்த மாதத்தில் போனாலும் சூரியன் 6 மணிக்கும் 6.45-க்கும் இடையில் மறைந்துவிடும். அந்தி நீடிக்காமல் மளமளவென்று இருட்டிவிடும். கோயில் அரங்கு, கடற்கரை உணவகம், இளைஞர்களின் கடலோரக் கேளிக்கை விடுதி எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தைச் சுற்றியே தங்கள் நேரத்தை வகுத்துக்கொண்டிருக்கின்றன. மேலும், அங்குள்ள கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே 10 மணி அடிக்கும்போது உங்கள் உடம்புக்கு ஏழரைதான் ஆகியிருக்கும். முதல் இரண்டு இரவுகள் எப்படியும் தூக்கம் பிடிக்காது என்பதால், வெளியே போய் வருவதே நல்லது.

முதல் மாலையை உலுவத்து கோயிலுக்குக் கொடுங்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 70 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கும் கோயில் அது. அதை ஒட்டிய திறந்தவெளி அரங்கில், சூரியன் கடலில் இறங்கும் வேளையில் கெச்சாக் என்னும் இராமாயண ஆட்டம் நடக்கிறது. மத்தளமோ தாளமோ எந்த வாத்தியமும் கிடையாது. இடுப்பில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி கட்டிய ஐம்பது, அறுபது ஆண்கள் எண்ணெய் விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாக உட்கார்ந்து, ‘சக், சக், சக்’ என்று வாயாலேயே தாளத்தைப் பின்னுகிறார்கள். ஒரு கூட்டம் விட்ட இடைவெளியில் இன்னொரு கூட்டத்தின் ‘சக்’ விழுகிறது. நடுவில் மாயமான் ஓடுகிறது, சீதை கவரப்படுகிறாள், கடைசியில் அனுமனைச் சுற்றித் தீ மூட்டுகிறார்கள், அவர் அதை உதைத்துச் சிதறடித்துக்கொண்டு வெளியே வருகிறார். கதை தெரியாத வெள்ளைக்காரர்கள் கையில் கொடுத்த தாளைப் புரட்டிக்கொண்டிருக்க, நம்மவர்கள் மட்டும் அடுத்து வருவது என்ன என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது.

உங்கள் கணவருக்காக இரண்டு எச்சரிக்கைகள். அரங்கின் படிக்கட்டு இருக்கைகளுக்குச் சாய்மானம் கிடையாது. நேரம் கழித்துப் போனால் மேல்படிக்கு ஏற வேண்டிவரும், ஆகவே ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். இரண்டாவது, அங்குள்ள நீள்வால் குரங்குகள். நான் போனபோது, ‘கண்ணாடியைக் கழற்றிப் பையில் வையுங்கள்’ என்று ஓட்டுநர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிய என் மனைவி, கடலைப் பார்ப்பதற்காக அதை மறுபடி மாட்டிய மறு நிமிடமே அது மதில்மேல் ஒரு குரங்கின் கையில் இருந்தது. அது ஓடவில்லை, கண்ணாடியின் காதுப்பகுதியைக் கடித்தபடி பேரத்துக்குக் காத்திருந்தது. கோயில் ஆள் ஒருவர் வந்து பழத்தை நீட்டியதும் கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டது. திருடினால் தின்பண்டம் கிடைக்கும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொண்ட குரங்குகள் அவை. ஆட்டம் முடிந்ததும் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வண்டி தேடுவார்கள். எனவே போகிற காரையே காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொரு மாலை உபுத் அரண்மனை முற்றத்தில் இரவு 7.30 மணி அளவில் தொடங்கும் லெகோங் நடனத்துக்குப் போகலாம். பரதநாட்டியம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்தப் பெண்கள் கருவிழியைச் சட்டென்று ஓரத்துக்கு வெட்டும் வேகம் வியப்பாக இருக்கும். ஆனால் உலுவத்துவையும் உபுத்தையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். இடையில் இரண்டு மணி நேரச் சாலை இருக்கிறது; சில்க் போர்டு சந்திப்பைக் கடந்து பழகியவர்களையே அந்த நெரிசல் சோதித்துவிடும்.

கேள்வி: கெச்சாக் பழங்காலக் கலை என்கிறார்கள், சுற்றுலாவுக்காகச் செய்தது என்றும் சொல்கிறார்கள். எது உண்மை? சிறு வயதில் ஊரில் விடிய விடியத் தெருக்கூத்தும் தோல்பாவைக் கூத்தும் பார்த்தவன் நான். அந்த மாதிரி ஏதாவது அங்கே கிடைக்குமா?
வாசகர், ஜாலஹள்ளி

பதில்: இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தக் குரல் தாளம் பழையது. சங்ஹியாங் என்னும் சாமியாட்டச் சடங்கில் ஆண்கள் கூட்டமாக எழுப்பிய ஒலி அது. அதை எடுத்து இராமாயணக் கதையோடு சேர்த்து மேடைக் கலையாக்கியது 1930-களில்தான். அப்போது பாலியில் வாழ்ந்த ஜெர்மன் ஓவியர் வால்டர் ஸ்பீஸுக்கும், பாலியின் ஆட்டக்காரர் வாயன் லிம்பாக்குக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. வெளிநாட்டாரை மனத்தில் வைத்துத்தான் செய்தார்கள் என்பதால் அதைப் போலி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நாம் இன்று மேடையில் பார்க்கும் பரதநாட்டியமும் அதே 1930-களில் புது உருவம் பெற்றதுதானே.

நீங்கள் தேட வேண்டியது வாயாங் குலித் என்னும் நிழல்பாவைக் கூத்து. தேங்காயெண்ணெய் விளக்கு, வெள்ளைத் திரை, தோலில் வெட்டிய பாவைகள், எல்லாப் பாத்திரங்களுக்கும் தானே குரல் கொடுக்கும் ஒற்றை ஆள் என்று, நம் தோல்பாவைக் கூத்தின் அத்தனை அங்கங்களும் அங்கே இருக்கின்றன. அந்த ஆளைத் தாலாங் என்பார்கள். பாண்டவர்களும் தேவர்களும் கவி என்னும் பழைய சாவக (ஜாவா) மொழியில் பேசுவார்கள். அது இன்று அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்கே விளங்காது. அதனால் துவாலென், மெர்தா என்ற இரண்டு கோமாளி வேலைக்காரர்கள் குறுக்கே புகுந்து, எசமான் சொன்னதைப் பேச்சு மொழியில் உடைத்துச் சொல்லி, நடுவே ஊர்க்கதையையும் நையாண்டியையும் கலப்பார்கள். துவாலெனைப் பார்த்ததும் எனக்கு நம் கட்டியங்காரன்தான் நினைவுக்கு வந்தான். உபுத்தில் பயணிகளுக்காக ஒரு மணி நேரச் சுருக்கம் காட்டுகிறார்கள். முழுக் கூத்து வேண்டுமென்றால் கோயில் திருவிழா நடக்கும் ஊரை விடுதிக்காரரிடம் விசாரித்து, சாரோங்கும் இடுப்புக் கச்சையும் கட்டிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் அமருங்கள். மரியாதையாக நடந்துகொள்பவரை அங்கே பெரும்பாலும் தடுப்பதில்லை.

கேள்வி: நாங்கள் நான்கு தோழிகள், வயது 24 முதல் 26 வரை. சர்ச் ஸ்ட்ரீட் மாதிரி இடங்கள் எங்கே? பாதுகாப்பு எப்படி?
வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: நம் ஊரில் இரவு 1 மணிக்குக் கதவைச் சாத்துவார்கள், கூத்தா, லெகியான் பகுதிகளில் அதன் பிறகும் நெடுநேரம் ஆட்டம் ஓடும். செமின்யாக்கிலும் சாங்குவிலும் உள்ள கடலோர விடுதிகள் பகலிலேயே திறந்து, சூரிய மறைவின்போது நிரம்பி வழியும். அங்கே சாய்வுக் கட்டிலுக்குக் குறைந்தபட்சச் செலவு என்று ஒரு தொகை இருக்கும். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருந்தால் வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று பொருள். இரண்டும் சேர்ந்து 20 விழுக்காட்டை ஒட்டி வரும். சட்டப்படி மது அருந்தும் வயது 21.

மற்ற எதையும்விட நான் அஞ்சுவது ‘அராக்’ என்னும் உள்ளூர்ச் சாராயத்தைத்தான். முறையாக வடித்து முத்திரையிட்டு விற்பதும் உண்டு. ஆனால் இறக்குமதி மதுவுக்கு வரி கடுமையாக இருப்பதால், மலிவான கலவைப் பானங்களில் கள்ளத்தனமாக வடித்ததை ஊற்றும் கடைகளும் உண்டு. அதில் மெத்தனால் கலந்து பயணிகள் இறந்திருக்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் அதே மெத்தனால்தான். நிறத்திலோ மணத்திலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே வாளியிலும் கூசாவிலும் கலந்து தருவதைத் தொடாதீர்கள். குடிப்பதானால் கண்ணெதிரே மூடி திறக்கும் பீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குடித்த மறுநாள் பார்வை மங்கினாலோ கண்முன் பனிமூட்டம்போல் தெரிந்தாலோ, போதை தெளியாத மயக்கம் என்று படுத்துவிடாமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

திரும்பும்போது தெருவில் நிற்கும் வண்டியோடு பேரம் பேசுவதைவிட, செயலியிலோ மீட்டர் டாக்சியிலோ வருவது நல்லது. வாடகை ஸ்கூட்டரை இரவில் எடுக்கவே வேண்டாம். பையில் போதைப்பொருள் அகப்பட்டால் தப்ப வழியில்லை. கடத்தலுக்கு மரண தண்டனை வரை போகும் நாடு இந்தோனேசியா. லெகியான் சாலையில் நடக்கும்போது பெயர்கள் பொறித்த கல்மண்டபம் ஒன்று எதிர்ப்படும். 2002 அக்டோபர் 12 இரவு, அங்கிருந்த இரண்டு கேளிக்கை விடுதிகளில் குண்டு வெடித்து இறந்த 202 பேருக்கான நினைவிடம் அது.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா? ஜிம்பரான் கடற்கரையில் இரவு உணவு சாப்பிட ஆசை.
வாசகி, அல்சூர்

பதில்: கிடைக்கும், ஆனால் ஜிம்பரானில் இல்லை. மணலில் மேசை போட்டு, தேங்காய் மட்டை நெருப்பில் மீன் சுடும் இடம் அது. உங்கள் தட்டில் சோறும் கீரையும் மட்டும்தான் விழும். மற்ற இடங்களில் டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), டோஃபு, காதோ-காதோ (கடலைச் சாறு ஊற்றிய காய்கறிக் கலவை) கேளுங்கள். கூடவே ‘தன்பா தெராசி’ என்று சொல்லிவிடுங்கள். தன்பா என்றால் ‘இல்லாமல்’; தெராசி என்பது இறால் விழுது, சம்பலில் சொல்லாமலே கலந்திருக்கும்.

கேள்வி: உகாதி விடுமுறையில் போவதாக இருக்கிறோம். அப்போது அங்கே கொண்டாட்டம் ஏதும் உண்டா?
வாசகர், பானஸ்வாடி

பதில்: பயணச்சீட்டு வாங்குவதற்குமுன் கேட்டீர்களே, பிழைத்தீர்கள். பாலிக்காரர்களும் சாலிவாகன சக ஆண்டைத்தான் எண்ணுகிறார்கள். அவர்களுடைய புத்தாண்டு நியெப்பி, அமாவாசைக்கு மறுநாள் வருகிறது. சில ஆண்டுகளில் உகாதியை ஒட்டியே வரும்: 2025-இல் நியெப்பி மார்ச் 29, உகாதி மார்ச் 30. சில ஆண்டுகளில் ஒரு மாதம் முந்திவிடும்: 2024-இல் அது மார்ச் 11. அன்று காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை தீவே அடங்கிவிடும். விமான நிலையத்தையும் மூடிவிடுவார்கள். தெருவில் யாரும் நடக்கக் கூடாது, விளக்கு வெளியே தெரியக் கூடாது. கட்டம் போட்ட துணி கட்டிய ஊர்க்காவலர்கள் சுற்றிவந்து பார்ப்பார்கள். வெளிநாட்டாரும் விடுதிக்குள்தான் இருக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய மாலையில் ஒவ்வோர் ஊர் இளைஞரும் மூங்கிலாலும் காகிதத்தாலும் மாதக்கணக்கில் கட்டிய ஒகோ-ஒகோ என்னும் பூத உருவங்களைத் தோளில் தூக்கி, நாற்சந்தியில் சுழற்றிச் சுழற்றி ஆடுவார்கள். நம் தேர் ஒன்று பித்துப் பிடித்து ஓடுவதுபோல் இருக்கும். அந்த மாலைக்கு ஒரு நாள் முன்னதாகவே போய் இறங்கிவிடுங்கள். திரும்பும் விமானத்தை மட்டும் நியெப்பி அன்று வைத்துக்கொள்ளாதீர்கள்.